இன்னொரு மகனுக்கான சீருடை

பிப்ரவரி 9

என் அக்கா பெற்ற தங்கமே,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரன் முந்தாநாளும் குண்டு போட்டான். தண்ணீரில் விழுந்து நாலு மீன் செத்ததோடு சரி. சத்தத்தை வைத்தே அது எந்தப் பட்டறையில் வார்த்த பீரங்கி என்று நான் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ராணுவ அதிகாரி தொப்பியைக் கழற்றி, "சார் முன்னே எந்தப் படையில இருந்தீங்க?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

போன் கோபுரத்தை அணைத்து இன்றோடு பத்தொன்பது நாள். எதிரி ஒட்டுக் கேட்பானாம். நம் ஊர்ச் சம்பந்திச் சண்டைகளை இரண்டு நாள் ஒட்டுக் கேட்டால் அவனே போரை நிறுத்திவிட்டு ஓடிப்போவான். யார் கேட்கிறார்கள்? அதனால் படிவக் கட்டோடு இந்தக் கடிதத்தையும் பஸ் பார்சலில் வைக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

"ஆற்றங்கரை ஊருக்குக் கருத்துக் கேட்கப் போக ஒருத்தரும் வரமாட்டேன் என்கிறார்கள், மாமா, நீங்கள் போகிறீர்களா?" என்று கேட்டாயே, அந்த நன்றியை மறக்கமாட்டேன். இருபத்தாறு வருஷம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இந்த ஊருக்குச் சினிமாவும் சேலைத் தள்ளுபடியும் காணாமல்போன குழந்தையும் அறிவித்தவன் நான். ஒலிபெருக்கி என்றால் தொட்டில் பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். உங்கள் அலுவலகத்துப் படித்த பிள்ளைகள் ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்ப்பதே பெரிது என்றாய். நான் பதினைந்து. நாலே நாளில் அறுபது வீடும் முடிந்தது. போன இடமெல்லாம் நாற்காலி, தேநீர். "போர் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா?" என்று நான் கேட்டு முடிக்குமுன்பே பதில் வந்து விழுகிறது. "உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கடைசியில் நாலு கோடு விட்டிருக்கிறீர்களே, அது பத்தவில்லை. அடுத்த முறை எட்டுக் கோடு போடச் சொல்.

கழுத்தில் தொங்கும் அட்டையில் என் புகைப்படம் கொஞ்சம் கறுப்பாக விழுந்திருக்கிறது. முடிந்தால் மாற்று.

உன் ஆசை மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

படிவங்கள் வந்தன. அறுபதும் முழுமையாக இருக்கின்றன. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. மேலாளர் பாராட்டினார்.

ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். "சொந்த வார்த்தையில்" பகுதியை மூன்று முறை படித்தேன். மின்கம்பம் பழுதுபார்ப்பவர், மருந்துக் கடைக்காரர், தையல்காரம்மா எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். மற்ற ஊர்களில் "தெரியாது", "நிற்கட்டும்", "எங்களை யார் கேட்கிறார்கள்" என்று மூன்று சொல்லில் முடிந்துவிடும். உங்கள் படிவங்களில் எல்லோரும் மேடையில் நிற்கிறார்கள்.

பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வேறொருவர் நேரில் போய் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. உங்கள் அறுபதில் ஆறு வீடு. அந்த ஊருக்கு அனுப்ப ஆள் இல்லை. சரிபார்ப்புத் தாளில் "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் கட்டு மேலே போகும். மாமா, ஒரே ஒரு தடவை கேட்கிறேன். அறுபது வீட்டுக்கும் போனீர்களா? ஆம் என்று எழுதினால் போட்டுவிடுகிறேன்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உன் மாமன் சொல்றதுல பாதியைத் தள்ளு, மீதியைத் தண்ணியில ஊறப்போடு" என்றாள்.

அன்புடன்


பிப்ரவரி 18

என் தங்கமே,

ஆம்! ஆம்! ஆம்! மூன்று முறை எழுதிவிட்டேன், போதுமா? உன் அம்மா என்னை ஊறப்போடுவது இருக்கட்டும். சின்ன வயதில் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கியவன் நான். கிணற்றில் தண்ணீர் இல்லை என்பாள். அது வேறு விஷயம்.

சந்தேகப்பட்டாயே, தையல்காரம்மா, அவள் வீட்டுக்கு நான் போனது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. உனக்குத் தெரியாதிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்சந்தில் மூன்றாவது வீடு. கணவன் போய் எட்டு வருஷம். ஒரே மகன். அவன் போர்முனைக்குப் போய் ஏழு மாதம். பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வியைக் கேட்டேன். உள்ளங்கையால் சக்கரத்தை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்தாள். என்னை நேராகப் பார்த்து, அந்த வாக்கியத்தைச் சொன்னாள்: "எனக்கு இன்னொரு மகன் இருந்தால் அவனுக்கும் சீருடை தைத்திருப்பேன்." என் பேனா நடுங்கியது, கண்ணு. இதையெல்லாம் ஒருவன் கற்பனை பண்ண முடியுமா, நீயே சொல்.

கையெழுத்தைப் போடு. மாமா இருக்கிறேன்.

உன் ஆசை மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

இதோடு இன்றைய செய்தித்தாளை வைத்திருக்கிறேன். முதல் பக்கம். "எல்லையோர ஊர் சொல்கிறது: நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து பேர் போர் தொடர வேண்டும் என்கிறார்கள்." அதற்குமேல் பெரிய எழுத்தில் தையல்காரம்மாவின் வாக்கியம். குண்டு விழும் ஊரே இப்படிச் சொன்னால் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் நாம் முணுமுணுக்கலாமா என்று தலையங்கம். நேற்று சபையில் ஒரு அமைச்சர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தினாராம். அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். என்னைப் பிரிவுத் தலைவியாக்கியிருக்கிறார்கள். சன்னலோர மேசை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் வரும்போது இரண்டு பேர் அந்த வாக்கியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் ஏனோ ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்து வந்தேன்.

இரண்டாம் சுற்றுக்கான படிவங்கள் தனிப் பார்சலில் வருகின்றன. அதே அறுபது வீடு, அதே கேள்வி. மாறியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்


மார்ச் 6

என் பிரிவுத் தலைவியே,

வாழ்க! உனக்குச் சன்னலோர மேசை கிடைத்ததை நான் சலூனில் அறிவித்தேன். நம் சலூன்காரன், என் நாற்பது வருஷச் சிநேகிதன், பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டுக் கை கொடுத்தான்.

இங்கேயும் விசேஷம்தான். செவ்வாயன்று மூன்று வண்டியில் பெரிய மனிதர்கள் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார்கள். கேமரா, விளக்கு, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். சந்து கொள்ளவில்லை. "அவங்களைப் பேட்டி கண்டவர் யாரு?" என்று கேட்டார்கள். நான் முன்னால் போய் நின்றேன். என் தோளில் ஒருவர் கை போட்டார். போட்டோவில் நான் இருக்கிறேன், இடது பக்கம், பாதி முகம்.

"அம்மா, அந்த வார்த்தையை இன்னொரு தடவை எங்களுக்காகச் சொல்லுங்க" என்றார்கள்.

அவள் பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி, மிஷின் மேல் கவிழ்த்து வைத்தாள். "உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, பேச முடியலை" என்று கேமராக்காரனுக்கு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடினாள். கண்டுபிடித்ததும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சரி, அதை விடு. மழை வரும்போல இருக்கிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மாமா


மார்ச் 10

மாமா,

நீங்கள் ஒரு கதையைப் பாதியில் "அதை விடு" என்று நிறுத்தி நான் பார்த்ததில்லை. என்ன நடந்தது?

இந்தச் சுற்றில் தயவுசெய்து ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போங்கள். அவர்கள் சொல்வதை மட்டும் எழுதுங்கள். மூன்று சொல் என்றால் மூன்று சொல்.


மார்ச் 17

கண்ணு,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் என்னையறியாமல் நான் நல்லவனாகிவிட்டேன்.

முதல் சுற்றில் நான் மூன்று வீட்டுக்குத்தான் போனேன். முதல் வீட்டில், பிறகு வா என்றார்கள். இரண்டாவது, ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு. கேள்வியைக் கேட்டேன். "அது இருக்கட்டும், ஒலிபெருக்கி, நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்றாவது தையல்காரம்மா. கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. கழுத்து அட்டையைப் பார்த்தாள். போர் என்று நான் வாயெடுத்ததும் மூடிவிட்டாள். அவ்வளவுதான் பேட்டி. சக்கரமும் இல்லை, நூலும் இல்லை. எந்த வீட்டிலும் "வாங்க, வாங்க" என்று கேட்டே பழகியவன், மூடின கதவுக்கு முன்னால் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த கதவைத் தட்டக் கை எழவில்லை.

நேராகச் சலூனுக்குப் போனேன். நாலு நாளும் அங்கே பின்பெஞ்சில் உட்கார்ந்து அறுபது படிவத்தையும் எழுதினேன். நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ரேடியோவில் போர்ச் செய்தி ஓடும். சலூன்காரன் "அடிச்சுத் தூக்கணும்ங்க" என்பான். நாற்காலியில் இருப்பவன் "ஆமாங்க" என்பான். அடுத்தவனும் "ஆமாங்க". இதுதானே ஊர்க் கருத்து என்று எழுதினேன். கொஞ்சம் அலங்காரம் பண்ணினேன். பழக்கதோஷம்.

போன வாரம் சலூன்காரனிடம் உண்மையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "அட மடையா, கழுத்துல கத்தி இருக்கும்போது எவன்டா இல்லைன்னு சொல்லுவான்?" என்றான்.

இரண்டாம் சுற்றுக்கு உண்மையாகவே போனேன், சத்தியம். என் சத்தியத்துக்கு என்ன விலை என்று நீ கேட்கலாம். ஐம்பத்தொன்பது வீட்டிலும் கதவு திறந்தது. நாற்காலி போட்டார்கள். கேள்வியைக் கேட்டேன். "எனக்கு இன்னொரு மகன் இருந்தா..." என்று ஆரம்பித்தார்கள். மருந்துக் கடைக்காரருக்கு மூன்றும் பெண். "மகன் இல்லீங்க, இருந்தா அவனுக்கும்" என்றார். கல்யாணமே ஆகாத நூலகர் அம்மாகூட அதையே சொன்னாள். சொல்லிவிட்டு நான் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தாள். மின்கம்பக்காரர் மட்டும் வாசல்வரை கூடவே வந்து, மெதுவாக, "ஊரே அப்படிச் சொல்லுதாமே, நான் மட்டும் நிறுத்துங்கன்னு சொன்னா பேரு எங்கே போகும்?" என்றார். எங்கேயும் போகாது என்றேன். "அப்போ, தொடரணும்னே போட்டுக்குங்க" என்றார்.

முதல் சுற்றில் நான் கேட்கவே இல்லை. இரண்டாம் சுற்றில் அவர்கள் சொல்லவே இல்லை. என் வாக்கியத்தை எனக்கே கொடுத்து அனுப்பினார்கள்.

அறுபதாவதாகத் தையல்காரம்மா வீடு. தட்டுவதற்கு முன்பே திறந்தாள். ஒரு தாளை நீட்டினாள். ஒரே பிள்ளையைப் பெற்ற தாய் மனுக் கொடுத்தால் அவனை முன்வரிசையிலிருந்து பின்னால் மாற்றலாம் என்று விதி இருக்கிறதாம். ஜனவரியிலேயே ஊர்க் கமிட்டிக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். அது திரும்பி வந்திருக்கிறது. மேலே குண்டூசியால் செய்தித்தாள் துண்டைக் குத்தியிருக்கிறார்கள். கீழே, "தாயாரின் விருப்பம் பத்திரிகையில் தெளிவாக வெளிவந்துள்ளது. மனு முடிக்கப்பட்டது" என்று எழுதி முத்திரை.

"இதை நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அங்கிருந்து ஓடி வந்துவிட்டேன், கண்ணு. ஐம்பத்தெட்டு வயதில் சந்தில் ஓடினேன்.

இப்போது என்ன செய்வது, சொல்.

மாமா


மார்ச் 21

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிறகு உறவு மிஞ்சியிருக்காது.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பாதியில் பேனா என் பக்கம் திரும்புகிறது. அந்தப் படிவங்கள் உங்கள் கற்பனை என்று முதல் கட்டைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும். உங்கள் மடியில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தவள் நான். உங்கள் வாக்கியம் எனக்குத் தெரியாதா? "ஆம் என்று எழுதுங்கள்" என்று கேட்டேனே, அது உண்மை தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை. பழியை உங்கள் பக்கம் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கேட்டது. ஆறு வீட்டில் ஒன்று தையல்காரம்மா வீடு. "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று அந்த வரிசையில் போட்டிருப்பது என் கையெழுத்து. அதற்குக் கிடைத்ததுதான் சன்னலோர மேசை.

இரண்டாம் சுற்று முடிவும் வந்துவிட்டது. தொண்ணூற்று எட்டு. மேலாளரிடம் முதல் சுற்று தவறு என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ இரண்டாவது எப்படி இன்னும் கூடியிருக்கு? இது சரின்னா அதுவும் சரிதான்" என்றார்.

கமிட்டிக்குப் போங்கள். நான் எழுதினேன், அவள் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். இந்த வாரமே. என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள்.


மார்ச் 26

கண்ணு,

போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

கமிட்டித் தலைவர் யார் தெரியுமா? எட்டாம் வகுப்பில் என்னை இரண்டு வருஷம் உட்கார வைத்த தலைமை ஆசிரியர். வயது எண்பது. இன்னும் அவர் முன்னால் எனக்குக் கால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். சலூனை, பின்பெஞ்சை, மூடின கதவை.

"ஏம்ப்பா, போன வருஷம் ஆத்துல முதலையைக் கையால புடிச்சேன்னு சொன்னியே?" என்று கேட்டார்.

"சொன்னேன் சார்."

"முதலை இருந்துச்சா?"

"இல்லை சார்."

"ராணுவ அதிகாரி உனக்குத் தொப்பியைக் கழட்டினாராமே?"

"இல்லை சார். அவர் தலையைச் சொறிஞ்சார்."

அறையே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஊர்ல எவனுக்குப் பேரு வந்தாலும் அதுல உனக்குப் பங்கு வேணும். அந்தப் பொம்பளை வயித்தெரிச்சலை அடக்கிக்கிட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னா, அதையும் நான்தான் எழுதினேன்னு கிளம்பிட்டியா? வெட்கமா இல்லை?" என்றார்.

வெட்கமாகத்தான் இருக்கிறது சார் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பொய் சொன்னபோது நாடே நம்பியது. உண்மையைச் சொன்னேன், பெருமையடிக்கிறான் என்று கழுத்தைப் பிடித்து வெளியே விடாத குறை.

அங்கிருந்து தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை ஓடவில்லை. அவள் மகனிடமிருந்து வந்த கடிதத்தை என் முன்னால் போட்டாள். படிக்கச் சொன்னாள். "அம்மா, நீங்க சொன்னதை எங்க பிரிவில எல்லாரையும் நிக்க வச்சுப் படிச்சாங்க. அன்னிக்கே, முன்வரிசைக்கும் முன்னால போற முன்காவலுக்குப் பேர் குடுத்துட்டேன்" என்று எழுதியிருந்தான். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவள் இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள். அதற்குப் பதில் அடுத்த தாளில்: "பயத்துல இப்ப மாத்திப் பேசாதீங்கம்மா. என்னால இங்கே முகம் காட்ட முடியாது."

பெற்றவள் சொல்வதை மகன் நம்பவில்லை. நான் எழுதினதை நம்புகிறான். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

இந்த உறையைப் பத்திரமாகப் பிரியுங்கள். உள்ளே மூன்று இருக்கின்றன.

ஒன்று, தையல்காரம்மா வீட்டின் முதல் சுற்றுப் படிவம், மூலப் பிரதி. உங்கள் கையெழுத்து, உங்கள் வாக்கியம். வீட்டுக்காரர் கையொப்பமிடும் இடம் காலி. அந்த இடம் காலியாக இருந்தாலே படிவம் செல்லாது. அதையும் நான் பார்த்தேன், பார்க்காததுபோல விட்டேன். இரண்டாவது, சரிபார்ப்புத் தாள். மூன்றாவது, நான் அந்த ஊருக்கு வரவே இல்லை, யாரையும் சரிபார்க்கவில்லை, என் கையெழுத்து பொய் என்று எழுதி, அலுவலக முத்திரையோடு கொடுத்த வாக்குமூலம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நகல் எடுத்துக் கமிட்டிக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். உங்களை நம்பாதவர்கள் முத்திரையை நம்புவார்கள்.

முத்திரை போட்ட கையோடு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "எண் வெளியே போன பிறகு அது நம்முடையது இல்லம்மா" என்றார். கோபப்படக்கூட இல்லை. மேசையைக் காலி செய்ய அரை மணி நேரம் கொடுத்தார். மூலப் படிவத்தை எடுத்து வந்தது திருட்டு. வழக்குப் போடுவார்களா என்று தெரியவில்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் ஒரு மறுப்புப் போடச் சொல்லிக் கேட்டேன். வாசலில் இருந்தவர், "எந்த வாக்கியம்மா? ஓ, அதுவா, நல்ல வாக்கியம்" என்றார். உள்ளே விடவில்லை.

கமிட்டியிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. மனுவை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மகன் தானாகவே முன்காவலுக்குப் பெயர் கொடுத்திருப்பதால், மாற்றத்துக்கு அவனும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் இருபதுக்குள். அதனால்தான் மூலப் படிவத்தை உங்களிடம் அனுப்பினேன். அவனுக்கு நீங்கள் எழுத வேண்டும். அதே கையால். படிவத்தையும் கூட வைத்தால் இரண்டும் ஒரே கை என்று அவனே பார்த்துக்கொள்வான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் பொய்யைத்தான்டி உன் ரூபத்துல நான் பால் வார்த்து வளர்த்திருக்கேன்" என்றாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.


ஏப்ரல் 8

கண்ணு,

உன் உறை திங்கட்கிழமை வந்தது. அன்றே போனேன்.

தையல்காரம்மா நாற்காலி போடவில்லை. துணி வெட்டும் பலகையைக் காட்டினாள். நின்றுகொண்டு எழுதினேன். ராத்திரி வீட்டில் யோசித்து மூன்று பக்கம் தயாராக வைத்திருந்தேன். நான் யார், என் நிலைமை என்ன, மூடின கதவு ஒரு மனிதனை என்ன செய்யும், எல்லாம் இருந்தது. அழுதுவிடுவான் என்று நினைத்தேன். அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, குறுக்கே வெட்டி, கூடையில் போட்டாள்.

"இதுல நீங்கதான் இருக்கீங்க. என் பையன் எங்கே?"

மறுபடி எழுதினேன். "வீரத்தாயின் அருமை மகனே" என்று ஆரம்பித்தேன்.

"வீரத்தாய்னு யார் சொன்னது?"

"ஒரு மரியாதைக்கு..."

"வெட்டுங்க."

வெட்டினேன். "கண்ணீரோடு எழுதுகிறேன்" என்று ஒரு வரி.

"கண்ணீர் வருதா உங்களுக்கு?"

அந்த நேரத்தில் வரவில்லை, கண்ணு. பொய் சொல்ல முடியவில்லை. அதையும் அடித்தேன். அடித்து அடித்து ஐந்தாவது தாளில் நின்றது இவ்வளவுதான்: "பேப்பரில் வந்த வாக்கியம் நான் எழுதியது. உன் அம்மா சொல்லவில்லை. அன்று அவர் என்னிடம் பேசவே இல்லை, கதவை மூடிவிட்டார். இதோடு இருக்கும் படிவத்தில் உள்ளதும் என் கையெழுத்துதான். ஒப்பிட்டுப் பார்." என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சின்னது.

"நீங்க ஏதாவது சொல்றீங்களா? கீழே எழுதுறேன்" என்றேன்.

கத்தரிக்கோலைப் பலகையில் வைத்தாள்.

"இருபதாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

எழுதினேன்.

"வேறே?"

"வேறே என்ன? உங்ககிட்ட சொல்லி அவனுக்கு எழுதணுமா நான்?"

தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். தான் சொன்னதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள். படிவத்தையும் வைத்து உறையை ஒட்டினாள். தபால் நிலையம் என் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. "குடுங்க, நான் போட்டுடறேன்" என்று கை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, உறையை மார்போடு பிடித்துக்கொண்டு, வெயிலில் தானே நடந்து போனாள். என்னிடம் வீட்டைப் பூட்டக்கூடச் சொல்லவில்லை. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, சந்து முனைவரை அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் பதில் வரவில்லை.

மாமா